அம்மா மலையில் கேட்டதும் நான் புல்லில் கிடந்து கேட்டதும்

ஜேர்மனியில் ஒரு மைதானத்தின் நடுவில் மல்லாந்து கிடந்தேன். ஆவணி மாதத்துப் பின்னேரம். ஹெல்மெட்டின் கம்பிகளுக்கு ஊடாக வானம் தெரிந்தது. எழும்பு என்று கைகளுக்குச் சொன்னேன். அவை எழும்பவில்லை. கால்களுக்குச் சொன்னேன். அவையும் கேட்கவில்லை. கழுத்துக்குக் கீழே எனக்கு ஒன்றுமே இல்லை. நோவுகூட இல்லை. நொந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பேன்.

யாரோ ஒருவர் குனிந்து, அசையாதே, அசையாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அசைய முடிந்தால்தானே ஐயா அசைவதற்கு.

அந்த நேரம் செபித்தேன். செபம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, பேரம் பேசினேன் என்பதுதான் சரி. பலேர்மோவில் பிறந்தவன் ஆபத்தில் யாரைக் கூப்பிடுவான்? சாந்தா ரொசாலியாவைத்தான் கூப்பிட்டேன். சிசிலிக்காரியான அந்தப் புனிதையைத் தமிழில் கூப்பிட்டேன். "இந்த விளையாட்டை எடு. எனக்கு வேண்டாம். என்ரை கையையும் காலையும் திருப்பித் தா." இவ்வளவுதான் சொன்னேன். இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு என்னைப் பலகையில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

என் பெயர் அன்ரன். உங்களில் பாதிப் பேர் நான் பலேர்மோவின் சீசாப் பகுதியில் அரைக் காற்சட்டையோடு ஓடித் திரிந்ததைக் கண்டவர்கள். நம் செபக்குழுவை நடத்துகிற செபமாலை மாமா, நான் வீடு திரும்பிய நாளிலிருந்து சாட்சி சொல்லு, சாட்சி சொல்லு என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் மாட்டேன் என்றேன். நல்ல வார்த்தையிலும் சொல்லவில்லை. மாமா, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போது நானாகவே சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் இது இனிக்காது. கசக்கிற இடத்தில் கசக்கத்தான் செய்யும், முதலே சொல்லிவிட்டேன்.

நான் விளையாடியது அமெரிக்கன் புட்போல். என்னவென்று தெரியாமலே எனக்காகச் செபித்தீர்கள், ஆகையால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். முட்டை வடிவத்தில் ஒரு பந்து. காலால் உதைப்பது குறைவு. ஒரு பக்கத்தார் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், மற்றப் பக்கத்தார் மறித்து விழுத்துவார்கள். நான் மறிக்கிற பக்கம். அதிலும் எல்லாருக்கும் பின்னால் நிற்கிற ஆள். அந்த இடத்துக்கு சேஃப்டி என்று பெயர். முன்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் தவறவிட்டவன் என்னிடம் வருவான். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. நான் சரியாகச் செய்தால் ஒருத்தரும் என்னைக் கவனிக்கமாட்டார்கள். ஒருதரம் பிழைவிட்டால் மைதானம் முழுக்க என்னைத்தான் பார்க்கும்.

இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்து தொலைபேசி எடுத்தால் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "கோல் அடிச்சனியோ?"

"இல்லை அம்மா. நான் விழுத்திறவன்."

"ஆரை?"

"பந்தோடை வாறவனை."

"அவன் உனக்கு என்ன செய்தவன்?"

நான் உடனே என்ன சமையல் என்று கேட்டுக் கதையை மாற்றிவிடுவேன். 

அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். நாப்போலியிலிருந்து வருகிற கப்பல்களில் ஏறி, பயணிகளின் அறைகளைத் துப்புரவாக்குகிற வேலை. நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே ஒரு காலையில் கப்பல் படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். எழும்பவில்லை. மன்னாரிலிருந்து வந்து, இந்த ஊரில் காலூன்றி, ஒரு மகனைப் பெற்று, அவ்வளவுதான் அவருடைய கணக்கு. அதன்பிறகு வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மா நகர நடுவில், பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில், சிஞ்ஞோரா என்று அவர் கூப்பிடுகிற ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியின் வீட்டில் சமைத்து, துடைத்து, அவரைக் குளிப்பாட்டி, பின்னேரம் பஸ்ஸில் திரும்பி வருவார். வந்ததும் எனக்குச் சமைப்பார்.

அப்பா போன கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் இருந்த காலம் அது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒருவன் இந்த விளையாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நகரத்தின் ஓரத்தில் புல்லே இல்லாத ஒரு மைதானம். விழுந்தால் முழங்கையில் கல் ஏறும். பயிற்சி தருகிறவர் என்னைப் பார்த்து, அன்ரன், அதோ ஓடுகிறானே, அவனை நிறுத்து என்றார். நிறுத்தினேன். திரும்ப ஓடவிட்டார், திரும்ப நிறுத்தினேன். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு விசயத்தைப் போகவிடாமல் என்னால் பிடிக்க முடிந்தது. இதைப் பகிடியாகச் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு நான் வேறு ஒன்றையும் விரும்பவில்லை.

பலேர்மோவில் விளையாடினேன். பிறகு வடக்கு இத்தாலியில் ஒரு கழகம் கூப்பிட்டது. அங்கிருந்து ஜேர்மனிக்கு எடுத்தார்கள். ஒப்பந்தம், தங்க ஒரு அறை, உடம்பைப் பார்க்க ஆட்கள் என்று எல்லாம் முறையாக. அதுதான் என் தொழில் என்று ஆனது. கோவில் அறிவித்தல் பலகையில் என் படத்தை ஒட்டினீர்கள். லீவில் வந்தால் பூசை முடிந்து வெளியே வரமுடியாது, பிள்ளைகள் எல்லாம் கையைப் பிடித்துத் தொங்குவார்கள். நம்மவர்களில் வீடு துடைக்காமல், கோப்பை கழுவாமல், ஓடி விளையாடிச் சம்பளம் எடுக்கிற ஒருவன். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.

ஒவ்வொரு கோடையும் புறப்பட முன்னர் செபக்குழு என்னை நடுவில் இருத்திச் செபிக்கும். எதிரிகளை இவன் காலடியில் விழுத்தும் ஆண்டவரே என்று செபமாலை மாமா உரத்த குரலில் கேட்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பேன். அம்மா சுவர்ப்பக்கமாக நின்று கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பார். அவரும் அதையேதான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெகிரினோ மலைக்கு ஏறுவார். மலை மேலே குகைக் கோவிலில் இருக்கிற சாந்தா ரொசாலியாவிடம் நம் ஆட்கள் போவது புதினம் இல்லை, கத்தோலிக்கரும் போவார்கள், சைவக்காரரும் போவார்கள். பஸ் போகும். ஆனால் அம்மா பழைய கல்லுப் பாதையால், செருப்பில்லாமல் ஏறுவார். கூட ஏறுவது எங்கள் கீழ்மாடியில் இருக்கிற யோகம் அன்ரி. அவர் சைவ சமயம். வீட்டில் முருகனுக்குப் பக்கத்தில் சாந்தா ரொசாலியாவையும் வைத்துக் கும்பிடுகிறவர். நான் லீவில் நிற்கும்போது அம்மா என்னுடைய விளையாட்டுச் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். புனிதை சிலையாகப் படுத்திருக்கிற கண்ணாடிப் பெட்டியில் அதைத் தொட்டு எடுத்துக்கொண்டு வந்து, மடித்து, மிளகாய்த்தூள் போத்தலோடு சேர்த்து என் பையில் வைப்பார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு பருவத்தின் முதல் ஆட்டமும் ஆடினேன்.

கடைசிப் பருவத்தில் தோளிலிருந்து விரல் நுனிவரை தீப்பிடித்தமாதிரி ஒரு எரிவு வரத் தொடங்கியது. யாரையாவது முட்டினால் வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். கழக வைத்தியரிடம் சொன்னேன். எல்லாருக்கும் வருகிறதுதான் என்றார். கையை ஆட்டிப் பார்த்தார், முதுகில் தட்டினார், போ என்றார். கழுத்தை ஒரு படம் எடுத்துப் பார் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? இதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். அவருக்காகவும் செபிக்கச் சொல்லிப் பங்குச் சாமியார் சொல்கிறார். முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

அந்த ஆவணிப் பின்னேரம், முன்னால் நின்ற எல்லாரையும் தாண்டி ஒருவன் வந்தான். குனிந்து வந்தான். நானும் குனிந்தேன். தலையைக் குனியாதே என்று சின்ன வயதிலிருந்து சொல்லித் தந்திருந்தார்கள். ஒரு கணம்தான். முட்டினோம். அவன் விழுந்தான். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவன் என்னைத் தாண்டிப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் வலது கால் பெருவிரல் அசைந்தது. தாதி கண்டு சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு கால்கள், பிறகு வலது கை, கடைசியில் இடது கை. இடது கையில் சின்ன விரலும் அதற்கு அடுத்ததும் மட்டும் இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை. பிடிக்கும், ஆனால் பிடித்ததை உணராது. டொக்டர் படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினார். கழுத்தெலும்புக்குள் நரம்பு ஓடுகிற குழாய் எனக்குப் பிறப்பிலேயே ஒடுக்கமாம். இன்னொரு அடி விழுந்தால் திரும்பி வராது என்றார். இனி விளையாட்டு என்ற பேச்சே இல்லை. பிறகு கழகத்திலிருந்து இரண்டு பேர் ஒரு கூடை பழத்தோடு வந்து நன்றாகச் சிரித்துக் கதைத்தார்கள். அடுத்த தடவை ஒருவர் மட்டும் வந்தார். என் சப்பாத்துகளையும் உடுப்புகளையும் ஒரு கறுப்புப் பையில் போட்டுக் கொண்டுவந்து கட்டிலின் கீழே வைத்துவிட்டுப் போனார். பழம் இல்லை.

சீசாவுக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு அறை வீடு, நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. அம்மா என் சட்டைக்குப் பொத்தான் பூட்டிவிட்டார். என்னோடு படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பூட்டிக்கொண்டிருந்த காலம். நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். பிஸ்கட் பெட்டியோடு வந்தீர்கள். ஆண்டவர் உயிரைத் தந்தாரே, அதற்கு நன்றி சொல்லு என்றீர்கள். உயிர் முந்தியும் இருந்தது. எனக்கு இல்லாமல் போனது வேறு. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ எப்படி விளையாடினாய், எதை விட்டுவிட்டு வந்தாய் என்று ஒருவராவது கேட்டிருந்தால் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன். அதற்குப் பதிலாகப் பிஸ்கட்டை உங்களுக்கே திரும்பப் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு வியாழன் பின்னேரம் யோகம் அன்ரி கொழுக்கட்டையோடு வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தார். நான் டொக்டர் தந்த ரப்பர் பந்தை இடது கையால் நசுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது உருண்டு விழுந்துகொண்டே இருந்தது. அன்ரி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாய் தவறிவிட்டது.

"கொம்மா ஏறின ஏத்தத்துக்கு அவ கேட்டதை அந்தப் புனிதை குடுத்திட்டாள். ஆனா இப்பிடியோ குடுக்கிறது?"

என்ன கேட்டவ என்று கேட்டேன். அன்ரியின் முகம் மாறிவிட்டது. கொழுக்கட்டைச் சட்டியை மூடினார், திறந்தார், அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்ததாகச் சொன்னார். நான் எழுந்து போய் வாசலில் நின்றேன். மறிப்பதுதானே என் தொழில். பாவம், மனுசி கதிரையில் இருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் வடக்கே போன முதல் வருடத்திலிருந்து அம்மா ஒவ்வொரு ஞாயிறும் வெறுங்காலோடு ஏறிக் கேட்டது ஒன்றே ஒன்று. என் மகனிடமிருந்து இந்த விளையாட்டை எடுத்துவிடு. எடுத்தால் அவனே செருப்பில்லாமல் ஏறி வந்து உனக்கு வெள்ளியில் ஒரு உரு சாத்துவான். அதுதான் நேர்த்திக்கடன். என் சட்டையைக் கண்ணாடியில் தொட்டு எடுத்ததும் அதைச் சொல்லித்தான்.

அந்தச் சட்டையை நான் உடம்பில் போட்டுக்கொண்டு விளையாடினேன்.

அம்மா மரக்கறிப் பையோடு வந்தார். பையை வைக்கவும் விடவில்லை. என்ன கேட்டீர்கள் என்று கத்தினேன். வீடு முழுக்கக் கேட்டிருக்கும். அம்மா யோகம் அன்ரியின் முகத்தைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார்.

"நிப்பாட்டு எண்டுதான் கேட்டனான், தம்பி. முறி எண்டு கேக்கேல்லை."

"எனக்காகக் கும்பிடுறியள் எண்டு நினைச்சன். நீங்கள் எனக்கு எதிர்ப்பக்கத்துக்குக் கும்பிட்டிருக்கிறியள்."

அதன்பிறகு நான் அம்மாவோடு கதைக்கவில்லை. இரண்டு அறை வீட்டில் ஒருவரோடு கதைக்காமல் இருப்பது லேசான வேலை இல்லை. அம்மா சாப்பாட்டை வைப்பார், நான் சாப்பிடுவேன். மருந்துக் குளிசையை எடுத்து வைப்பார், போடுவேன். பொத்தானை நானே பூட்டப் பழகிக்கொண்டேன். கோபத்தில் பழகினேன், அதனால் கெதியாகப் பழகினேன். நத்தார்ப் பண்டிகை வந்தது, போனது. அம்மா மலைக்கு ஏறுவதை விட்டுவிட்டார். பூசையில் கடைசி வாங்குப் பலகையில் இருப்பார், நற்கருணைக்கு எழும்பமாட்டார். முழங்கால் நோகிறது என்று கேட்டவர்களுக்குச் சொன்னார். அது பொய் என்று எனக்குத் தெரியும். இருந்தும் இரங்கவில்லை. விளையாட்டில் ஆட்களை விழுத்தியபோதுகூட எனக்கு அவ்வளவு கல்மனம் இருந்ததில்லை.

தவக்காலத்தில் ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பை என் இடது கையிலிருந்து நழுவி உடைந்தது. பெரிய விசயம் இல்லை. அந்த இரண்டு விரல்களும் அப்படித்தான், நினைத்த நேரம் விட்டுவிடும். ஆனால் அம்மா நிலத்தில் கிடந்த துண்டுகளையும் என் கையையும் மாறிமாறிப் பார்த்ததைக் கண்டேன். என்ன நினைக்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்த ஞாயிறு காலை யோகம் அன்ரி வேலைக்குப் போன இடத்திலிருந்து தொலைபேசி எடுத்தார்.  கொம்மா தனிய மலைக்குப் போயிட்டா, ராத்திரி மழை, கல்லு வழுக்கும், என்னாலை வேலையை விட்டிட்டுப் போக ஏலாது, நீ போ என்றார். போனேன். பாசத்தில் போனேன் என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. கோபத்தில்தான் போனேன். கீழே விழுந்தாலும் நான்தானே தூக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அம்மா பாதி வழியில் ஒரு திருப்பத்தில், பாதையோரக் கல்லுக்கட்டின் மேல் இருந்தார். செருப்பு பையில் இருந்தது. ஒரு பாதத்தில் கல் வெட்டி இரத்தம். தலைச்சீலை நனைந்து முகத்தோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலம். என்னைக் கண்டதும் அதை ஒளிக்கப் பார்த்தார். வாங்கிப் பிரித்தேன். வெள்ளியில் செய்த ஒரு கை, சாவி அளவுதான் இருக்கும்.

"உன்ரை பேரிலை வைச்ச நேர்த்தி. நான் கொண்டுபோய்ச் சாத்தினாச் செல்லாது. தெரியும். தெரிஞ்சுதான் போறன்." அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கடனைத் தீர்க்கேல்லை எண்டு குடுத்த கையைத் திருப்பி எடுத்துப்போடுவாள் எண்டு பயமாக் கிடக்கு. உன்னட்டை வா எண்டு கேக்க எனக்கு வாய் இல்லை."

அந்தக் கோப்பை. அது உடைந்த நாளிலிருந்து இந்த மனுசி நித்திரை கொள்ளவில்லை. என் கோபத்துக்குப் பயந்து என்னிடம் கேட்காமல், செல்லாது என்று தெரிந்த கடனைச் செலுத்த வெறுங்காலோடு வெளிக்கிட்டிருக்கிறார். மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்த ஒரு தாயைத் தவிர வேறு யார் இப்படி ஒரு விசர் வேலை செய்வார்கள்?

நான் பக்கத்தில் இருந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினேன். இடது கை நாடா முடிச்சோடு மல்லுக்கட்டியது. உதவி செய்ய அம்மாவின் கை முன்னுக்கு வந்தது. பிறகு பயந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அவிழ்த்து விடுங்கோ அம்மா" என்றேன். பல மாதங்களுக்குப் பிறகு நான் அவரோடு கதைத்த முதல் வார்த்தை அது.

ஏறினோம். கல் குளிர்ந்தது, வழுக்கியது. நான் இடது பக்கம் நின்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய கை சூடா குளிரா என்று அந்த இரண்டு விரல்களுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன், பிடித்திருந்தன.

குகைக்குள் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் பொன்னுடையில் படுத்திருந்தாள். சுவரில் வெள்ளிக் கால்கள், வெள்ளிக் கைகள், கண்கள், யார் யாருடைய நோவோ. அம்மா முழந்தாளிடவில்லை. பக்கத்தில் நின்று மெல்லக் கேட்டார்.

"நீ அங்கை விழுந்து கிடக்கேக்கை என்ன கேட்டனீ?"

"கையையும் காலையும் கேட்டனான்."

"அதுக்கு என்ன தாறன் எண்டனீ?"

நம் ஆட்களுக்குத் தெரியும், வெறுங்கையோடு ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஏதாவது தருகிறேன் என்று சொல்லித்தான் கேட்பார்கள். அம்மா அதை அறிந்துதான் கேட்டார்.  அன்று புல்லில் கிடந்து சொன்னதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கே நான் சொல்லவில்லை. அம்மா மேல் கோபப்பட அது இடைஞ்சலாக இருந்தது.

"விளையாட்டை எடு எண்டனான்" என்றேன்.

அம்மா கண்ணாடியில் கையை வைத்தார்.

"அப்ப ரெண்டு பேரும் ஒண்டைத்தான் குடுத்திருக்கிறம்" என்றார்.

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். கழகம் கறுப்புப் பையைக் கொண்டுவந்து வைத்தபோது அழவேண்டியது, உங்கள் பிஸ்கட்டின் முன்னால் அழவேண்டியது, எல்லாவற்றையும் சேர்த்து அங்கே நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு பலேர்மோக் கிழவி தன் கைலேஞ்சியைத் தந்துவிட்டுத் தன் செபத்தைத் தொடர்ந்தாள். பிறகு வெள்ளிக் கையை என் கையாலேயே கோவில்காரரிடம் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு அம்மா நற்கருணைக்கு எழும்பினார்.

நடக்கிறேன். கை இருக்கிறது. அம்மாவோடு கதைக்கிறேன். இந்த மூன்றுக்கும் ஆண்டவருக்கும் அந்தப் புனிதைக்கும் உங்கள் எல்லார் முன்னாலும் நன்றி சொல்கிறேன். இதயத்திலிருந்து சொல்கிறேன். ஆனால் கசப்புப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அம்மாவின் சிஞ்ஞோரா இருக்கிற கட்டடத்தில் இப்போது நான் வாசற்காவல். முந்தி ஒருவரையும் போகவிடாமல் மறித்தேன், இப்போது வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கதவைத் திறந்துவிடுகிறேன். சில நாள் இது எனக்குச் சிரிப்பாக இருக்கும். பல நாள் சிரிப்பாக இருக்காது. கோடை வந்தால் தொலைபேசியில் ஆட்டம் பார்ப்பேன், என் இடத்தில் நிற்கிறவன் பிழைவிட்டால் கத்துவேன். குசினிக்குள் இருந்து அம்மா, விழுத்தினவனோ என்று கேட்பார். கோல் கணக்குக் கேட்பதை விட்டுவிட்டார்.

கேளுங்கள், நம்பிக் கேளுங்கள். கேட்கிற செவி ஒன்று இருக்கிறது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. சந்தேகம் இல்லாதபடியால்தான் சொல்கிறேன், இன்னொருவருக்காகக் கேட்கப் போவதானால் முதலில் அவரிடம் போய் உனக்கு என்ன வேண்டும் என்று ஒருதரம் கேட்டுவிட்டுப் போங்கள். என் அம்மா என்னிடம் கேட்கவில்லை. எதைச் செபிக்கிறீர்கள் என்று நானும் அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை. செபமாலை மாமா, நீங்களும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் மலைக்கு ஏறுகிறோம். விரும்பியவர்கள் எங்களோடு வரலாம். பாதை தொடங்குகிற இடத்தில் நின்று சப்பாத்தைக் கழற்றும்போது அம்மா என்னைப் பார்த்து, இண்டைக்கு என்ன கேக்கப்போறாய் என்பார். நான் சொல்லுவேன். அவரும் தன்னுடையதைச் சொல்லுவார். இரண்டும் ஒத்துவராவிட்டால் அங்கேயே நின்று சண்டை பிடித்துத் தீர்த்துக்கொண்டுதான் மேலே ஏறுவோம்.